குறுந்தகட்டில் உறங்கும் முகங்கள்



உங்கள் இல்லத்து அலமாரியில் நிக்காஹ் வைபவம் பதிந்த குறுந்தகடு ஒன்றேனும் இருக்கும். அதைக் கணினிக் கோப்பாக மாற்ற எண்ணியிருந்தால் தாமதியாதீர்கள். பெண்கள் பகுதியின் காட்சிகளும் அதில் உள்ளமையால், கடையில் கொடுப்பதைவிட வீட்டிலேயே செய்து கொள்வது மேல். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் போதும்.

ஆனால், அதிலுள்ள வடிகட்டிகளைக் கையாள நிதானம் வேண்டும். என் தங்கையின் நிக்காஹ் 2004-இல் நடந்தது. அந்த டிவிடியை மாற்றியபோது, இரைச்சல் நீக்கும் வடிகட்டியை 'ஸ்ட்ராங்' அளவில் வைத்துவிட்டேன். மண்டபத்து மங்கிய ஒளியில் மொய்த்திருந்த புள்ளிகள் மறைந்தன, மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால், துஆவுக்குக் கையேந்தி அமர்ந்திருந்த மர்ஹூம் வாப்பாவின் முகச் சுருக்கங்களும் தாடியின் நரை இழைகளும் உடன் மறைந்திருந்தன. மெழுகில் வார்த்த முகம்! புள்ளி எது, நரை எது என்பதை இயந்திரம் அறியுமா? சில மாதங்கள் கழித்து மீண்டும் மாற்ற அமர்ந்தேன். அதற்குள் வட்டு பழுதுற்றிருந்தது.

ஆகவே, முதலில் வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். வடிகட்டியெல்லாம் அதன் பின்னரே.

கை அசையும்போது அதன் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிகின்றனவா? நம் நாட்டு டிவிடிகளில் நொடிக்கு 25 படங்கள். வீடியோ கேமராவில் எடுத்தவை பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரு பாதிகளாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக, வெவ்வேறு கணத்தில் பதிந்தவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டி அவற்றை மாறி மாறிக் காட்டியது. கணினித் திரை இரண்டையும் ஒருசேரக் காட்டுவதால் வந்த பற்கள் இவை. 'டீஇண்டர்லேஸ்' வடிகட்டி இதைத் தீர்க்கும். அதில் 'பாப்' முறையைத் தேர்ந்து, படவேகத்தை மூலத்தின்படியே விட்டால், நொடிக்கு 50 படங்களாகி அசைவு இயல்பாய் அமையும்.

விசிடியாயின் இது வேண்டாம். 352-க்கு 288 அளவுள்ள அப்படங்கள் முழுப் படங்களாகவே பதிந்தவை. அங்கே கட்டம் கட்டமாகத் தெரிவதே குறை. அதற்கு 'டீபிளாக்' உண்டு, அதுவும் மெல்லிய அளவில்.

இரைச்சல் நீக்கத்தை 'லைட்' அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கூர்மையாக்கும் வடிகட்டியை நான் தொடுவதேயில்லை. தர எண் 18 முதல் 20 வரை இருக்கட்டும். எண் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். முழுவதையும் மாற்றுமுன், முகங்கள் வரும் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். நான் காட்டாமலே முடித்துவிட்டேன். பின்னர் பார்த்த என் உம்மா, “யாரு தம்பி இது?” என்று கேட்டார்கள்.