புட்டுக் குழலும் டேபிள் ஃபேன் புஷ்ஷும்

புட்டுக் குழலில் மாவைப் போட்டு மேலேயிருந்து அழுத்திப் பாருங்கள். (வீட்டம்மா பார்க்காத நேரமாக!) மேல் பக்கம் கெட்டியாகிவிடும். அடி மாவு 'எனக்கென்ன' என்று பொலபொலவென்றே கிடக்கும். கொடுத்த அழுத்தத்தைக் குழலின் சுவர் பாதி வழியிலேயே உராய்ந்து தின்றுவிடுகிறது. தண்ணீரென்றால் நாலா பக்கமும் சமமாக அழுத்தம் போகும். தூளுக்கு அந்த நல்ல குணம் கிடையாது.

இந்தப் புட்டு விவகாரத்தில்தான் என் அத்தை மகனுக்கு வேலை போகப் பார்த்தது.

அம்பாசமுத்திரத்துப் பையன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். 90 பங்கு செம்புத் தூள், 10 பங்கு வெள்ளீயத் தூள். அச்சில் கொட்டி, சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தி, டேபிள் ஃபேன் மோட்டாருக்கு புஷ் செய்கிறார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு வந்தவன், குறுக்குத்துறையில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னான்.

"ஒரு நைட் ஷிஃப்ட்ல வந்த புஷ்ஷெல்லாம் விளிம்புல விரிசல் அத்தான். சூப்பர்வைசரு, 'ஒனக்குக் கை சரியில்ல'ங்காரு."

"அழுத்தும்போது உடைஞ்சுதாலே?"

"அழுத்துதது பெரிசில்ல. அச்சுலேர்ந்து வெளிய தள்ளுதோம் பாருங்க, அங்கதான் கண்டம்."

இறுக்கி அடைத்த துண்டு வெளியே தலை நீட்டியதும் மயிரிழை விரிகிறது. மீதி உடம்பு இன்னும் அச்சுக்குள். சுவரோ விடமாட்டேன் என்கிறது. விரிசல் விழாமல் என்ன செய்யும்? அதனால்தான் 100 கிலோ தூளுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை ஜிங்க் ஸ்டியரேட் என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். சோப்புக்குச் சொந்தக்காரன். நீங்கள் போடும் காய்ச்சல் மாத்திரையிலும் இதன் தம்பி மெக்னீசியம் ஸ்டியரேட் இருக்கும். மாத்திரை அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்காக.

"அப்போ தாராளமா அள்ளிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"நல்லாக் கேட்டியபோங்க! எடையில ஒரு சதவீதம்தான். இடத்துல ஏழு சதவீதத்தை அடைச்சுக்கிடும்."

அந்த இடத்தில் உலோகம் நுழைய முடியாது. பிறகு உலையில் ஸ்டியரேட் எரிந்து போய்விடும், ஓட்டை மிஞ்சும். புஷ்ஷுக்கு ஓட்டை வேண்டும். ஆனால் ஓசூரில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் போன்ற இடங்களில் வண்டிகளுக்குச் செய்யும் பாகங்களில் ஓட்டை கூடினால் பலம் போச்சு.

இவன் சும்மா இருக்கவில்லை. துண்டை வெளியே தள்ளும்போது அச்சு 'கீச்'சென்று கத்துவதையும், கேஜில் முள் ஏறுவதையும் கவனித்திருக்கிறான். அடுத்த டிரம் தூளை மாற்றிப் போட்டான். விரிசல் நின்றது. விசாரித்தால், முதல் டிரம்மில் ஸ்டியரேட்டே சேரவில்லை!

"மன்னிப்புனு ஒரு வார்த்தை வரல அத்தான். அந்த ராத்திரி பேட்டாவ வெட்டுனது வெட்டுனதுதான்."

800 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த புஷ்ஷில் ஏறக்குறைய கால்வாசி வெற்றிடம். அதில் காற்றை உறிஞ்சிவிட்டு எண்ணெயை ஏற்றுகிறார்கள். தண்டு சுழன்று சூடானால் எண்ணெய் கசியும். நின்றால் உள்ளே போய்விடும். ஃபேன் முனகினால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகி அந்த நுண்துளைகளை அடைத்துவிடும்.

அவன் வீட்டு ஃபேனுக்கே அத்தை தேங்காய் எண்ணெய்தான் விடுகிறாள். "சொல்லிப் பாத்தாச்சு. எங்கம்மா சூப்பர்வைசர விட மோசம்" என்கிறான்.