நாற்பது வயதுக் கால்களும் நம் பிள்ளைகளும்

ஈஜிபுராவின் தேநீர்க் கடைகளில் மாலை வேளையில் அரசியல் பேச்சு ஓய்ந்தால் கால்பந்துப் பேச்சு தொடங்கும். கண்டீரவ விளையாட்டரங்கில் ஆட்டம் உள்ள நாட்களில் நம் இளைஞர் பலர் நீலச் சட்டை அணிந்து கூட்டமாகப் புறப்படுவதை நாம் காண்கின்றோம். அத்தகைய ஒரு மாலையில் நம் செவியில் விழுந்த வழக்கொன்றையே இங்கு எழுத முற்பட்டோம்.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "சேத்ரி இல்லாத பெங்களூர் அணி அணியே அன்று" என்றார். அருகிருந்த கல்லூரி மாணவரோ, "ஐயா, அவர் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வயதுக்காரர் நகராமலிருந்தால் நம் சிவசக்தி போன்ற பிள்ளைகள் எப்பொழுது ஆடுவார்கள்?" என்று கேட்டார். பெரியவர் விடை கூறாமல் தேநீரைக் குடித்தார். அவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. ஆயினும் முயல்வது தகும்.

சுனில் சேத்ரி 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தையார் படைவீரர், ஆகவே ஊர் ஊராக வளர்ந்த பிள்ளை. மோகன் பகான், ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ எனப் பல கழகங்களில் ஆடினார்; அமெரிக்காவிலும் போர்ச்சுகல்லிலும் சிறிது காலம் தங்கினார். 2013ஆம் ஆண்டு புதிதாகத் தோன்றிய பெங்களூர்க் கழகத்தில் வந்து சேர்ந்தார். பிழைப்பிற்காக இவ்வூருக்கு வந்து, இதனையே சொந்த ஊராக்கிக்கொண்ட நமக்கு அவரிடம் தனிப்பற்று உண்டாவதில் வியப்பில்லை.

இவ்வூரின் கால்பந்துப் பெருமை அவருக்கு மிகவும் முந்தியது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதற் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரரே. அந்நாளில் இங்குத் தோன்றிய தன்ராஜ், அகமது கான் முதலிய வல்லவர்கள் புகழையும் ஊதியத்தையும் நாடிக் கல்கத்தாவிற்குச் சென்றனர். கல்கத்தாவில் பெயர் பெற்ற ஒருவர் பெங்களூருக்கு வந்து நிலைத்தது காலத்தின் மாறுதல் அன்றோ!

அவர் தலைமையில் பெங்களூர்க் கழகம் தன் முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2016இல் மீண்டும் வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியைக் கண்டீரவத்தில் 3-1 என்று வீழ்த்தி, ஆசியக் கழகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகம் என்னும் பெயர் பெற்றது. அன்றைய மூன்று கோல்களுள் இரண்டு சேத்ரியுடையவை. 2019இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டமும் கிட்டியது.

எனினும் வயது யாரையும் விடுவதில்லை. இக்காலக் கால்பந்தில் முன்னணி ஆட்டக்காரர் கோல் அடித்தால் மட்டும் போதாது. பந்து எதிரியிடம் சென்ற கணமே ஓடிச் சென்று அவர் வழியை மறித்தல் வேண்டும். இவ்வோட்டம் தொண்ணூறு நிமிடமும் ஓயாதது. இருபது வயதில் ஓரிரவு உறங்கியெழுந்தால் தீரும் களைப்பு, நாற்பதை நெருங்கும்போது பல நாள் தங்கிவிடுகின்றது. எனவே 2022-23 பருவத்தில் பயிற்சியாளர் அவரைப் பல ஆட்டங்களில் வெளியே அமர்த்தி, இடையில் இறக்கினார்.

அவ்விடத்தில் ஆடிய இளைஞருள் ஒருவரே சிவசக்தி நாராயணன். சிவகங்கைச் சீமையின் கண்டனூரில் பிறந்த இத்தமிழ்ப் பிள்ளை, 2022ஆம் ஆண்டு துராந்து கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை அணிக்கெதிராக முதற் கோலை அடித்தார்; கோப்பை பெங்களூருக்கு வந்தது. அப்பருவத்து லீக்கில் வளரும் ஆட்டக்காரருக்குரிய விருதும் அவரையே சேர்ந்தது.

பின்னர் 2023 மார்ச் 18ஆம் நாள் கோவாவில் லீக்கின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. மோகன் பகானுக்கு எதிராக சிவசக்தி முதலிலேயே களம் இறங்கினார். சேத்ரி வெளியே அமர்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயமுற்று வெளியேற நேர்ந்தது. அவ்விடத்தை நிரப்பச் சென்றவர் சேத்ரியே. பெனால்டி ஒன்றைக் கோலாக்கினார். ஆட்டம் 2-2 என முடிந்து, பெனால்டி உதைகளில் பெங்களூர் தோற்றது. கோப்பை கைநழுவினும் அம்மாலை நமக்கொரு பாடம் புகட்டியது. இளையவர் தம் திறமையால் இடம் பெற்றார். மூத்தவர் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். அழைத்தபோது ஆயத்தமாக எழுந்தார். மூத்த ஆட்டக்காரரின் உண்மை மதிப்பு இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

அடுத்த பருவத்தில் கழகம் பத்தாம் இடத்திற்குத் தாழ்ந்தது. சேத்ரி அடித்தவை ஐந்து கோல்களே. 2024 ஜூன் 6ஆம் நாள் கல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, 151 ஆட்டங்களில் 94 கோல்கள் என்னும் கணக்குடன் நாட்டணியினின்று விடைபெற்றார். இனிக் கழகத்திலும் அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அவர்கள் எண்ணம் பொய்த்தது. 2024-25 பருவத்தில் 14 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் இந்தியருள் அவருக்கு மேல் அடித்தவர் இல்லை. டிசம்பர் 7ஆம் நாள் கண்டீரவத்தில் கேரள அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள்; அன்று அவருக்கு வயது நாற்பதும் நூற்றிருபத்தாறு நாட்களும். ஏப்ரலில் கோவாவில் நடந்த அரையிறுதியின் கடைசிக் கணத்தில், ஐந்தரை அடியைச் சற்றே தாண்டிய அம்மனிதர் எழும்பித் தலையால் முட்டிய பந்துதான் கழகத்தை இறுதியாட்டத்திற்குக் கொண்டுசென்றது. கால் தளர்ந்தாலும், பந்து எங்கே வந்து விழும் என்பதை முன்னறியும் கண் தளரவில்லை.

ஆயினும் இவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்திய அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை; அடித்துக் கொடுப்பார் இல்லை. ஆகவே 2025 மார்ச்சில் ஓய்வு பெற்றவரையே திரும்ப அழைத்தனர். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆம் கோலை அவர் அடித்தார், இந்தியா வென்றது. ஆனால் அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்றதும் 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வழி அடைபட்டது. அவரும் நாட்டணிக்கு மீண்டும் விடை கூறினார். நாற்பது வயதில் அழைக்கப்பெற்றது அவருக்குப் பெருமை. அவரையன்றி அழைக்க ஆளில்லாமற் போனது நாட்டுக்குச் சிறுமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது.

வெளிநாடுகளிலும் இத்தகையோர் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ் 1965இல் ஐம்பது வயதிலும் முதற் பிரிவில் ஆடினார். காமரூன் நாட்டு ரோஜர் மில்லா 1994இல் 42 வயதில் உலகக் கோப்பையில் கோல் அடித்தார். வயது ஒன்றை மட்டும் காட்டி ஒருவரை விலக்குதல் அறியாமை என்பதற்கு இவர்கள் சான்று. ஆனால் அவர்கள் அரியர் என்பதையும் மறத்தலாகாது. அரியவரை நம்பி ஓர் அணி தன் எதிர்காலத்தைத் திட்டமிடுதல், மழையை மட்டும் நம்பிக் கிணறு வெட்டாதிருத்தலை ஒக்கும்.

எனவே தேநீர்க் கடை வழக்கிற்கு நம் தீர்ப்பு இதுவாகும்: பெரியவர் கூற்றும் மெய், மாணவர் கூற்றும் மெய். மூத்தவர் அணியில் இருக்கட்டும். பழைய புகழுக்காக அன்று, அன்றாடப் பயிற்சியில் அவர் காட்டும் உழைப்பிற்காக. எத்தனை நிமிடம் ஆடுவது என்பதை உடல் தீர்மானிக்கட்டும். இளையவருக்குத் தொடக்க இடம் தரப்படட்டும். அவர் இரண்டு ஆட்டங்களில் தவறினால் உடனே மூத்தவரைத் தேடி ஓடும் பழக்கம் ஒழியட்டும். அவர் எந்நாள் முற்றிலும் விடைபெறினும், அன்று அவ்விடத்தில் நிற்க ஒரு பிள்ளை ஆயத்தமாக இருப்பானாயின், அதுவே கழகம் அவருக்குச் செய்யும் சிறந்த மரியாதை.

நம் இல்லங்களிலும் இவ்வழக்கு நடைபெறுகின்றது என்பதை அன்பர்கள் அறிவீர்கள். முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற தந்தையர் நம்மிடையே பலர். அவர்களை மூலையில் அமர்த்துதலும் தவறு. எல்லாச் சுமையையும் இன்னும் அவர்கள் தோளில் ஏற்றுதலும் தவறு. அன்று பேச்சு முடிந்து எழுந்தபோது, மாணவர் பெரியவரின் கையைப் பற்றி, வாகன நெரிசலின் ஊடே சாலையைக் கடத்திவிட்டார். அடுத்த ஆட்டத்திற்கு இருவரும் சேர்ந்தே செல்வதாகப் பேசிக்கொண்டதும் நம் செவியில் விழுந்தது.