லால் பாக் குன்றின்மேல்

பெங்களூருக்கு இரண்டு தினங்கள் போகிறவர்கள் அரண்மனையையும் விதான சௌதாவையும் கண்டு திரும்புவது வழக்கம். நானும் கல்லூரித் தோழர் ஒருவரும் அவற்றை ஒரே பிற்பகலில் முடித்து, மறுநாட் காலை முழுவதையும் லால் பாக்குக்கென்று ஒதுக்கினோம்.

1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். இன்று சுமார் 240 ஏக்கர். கூட்டமெல்லாம் 1889-இல் அஸ்திவாரமிட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றித்தான். நாங்கள் பாறைக் குன்றின்மேல் ஏறினோம். பாட்டிமார்கூட ஏறிவிடலாம். காலடியிலுள்ள அந்தக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள்!

உச்சியில் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம். இதைப் போல நான்கு கோபுரங்கள் நான்கு திசைகளிலும் நகரின் எல்லையைக் குறித்தன என்பார்கள். எல்லையாவது! கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டடங்களே.

"வேலி மட்டும் இல்லையானால், ஓய், இந்தப் பாறைமேலும் அடுக்கு மாடி முளைத்திருக்கும்" என்றார் தோழர். வாஸ்தவந்தான். வெறும் வேலியை நம்பாமல், இத்தகைய பூங்காக்களைக் காக்க 1975-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள்.

மாலையில், 1870-இல் அமைத்த கப்பன் பூங்காவுக்குச் சென்றோம். மூங்கில் நிழலில் ஒரு பெஞ்சு அகப்பட்டது. இருட்டும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.