சிந்தசைசர் பேஸ்

சிந்தசைசர் பேஸ் என்பது சிந்தசைசர் எனப்படும் மின்னணு இசைக்கருவியைக் கொண்டு உருவாக்கப்படும் தாழ்சுர ஒலியாகும். பேஸ் கித்தாரில் கம்பியின் அதிர்விலிருந்து ஒலி பிறக்கிறது. இதில் மின்சுற்றோ கணினி மென்பொருளோ ஒலியலையை நேரடியாக உண்டாக்குகிறது. 1970களிலிருந்து ஃபங்க், டிஸ்கோ, ஹவுஸ், டெக்னோ முதலிய இசை வகைகளில் இது பரவலாகப் பயன்பட்டு வருகிறது.

இவ்வொலியின் ஒரு வகையை இசைக்கலைஞர்கள் "கதகதப்பான" ஒலி என அழைப்பர். தாழ் அதிர்வெண்களின் அளவைக் கூட்டுவதால் மட்டும் இத்தன்மை கிடைப்பதில்லை. அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேலுள்ள சீரிசைகளில் எவை, எந்த அளவில் எஞ்சி நிற்கின்றன என்பதையே இது பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

அமெரிக்கப் பொறியியலாளர் ராபர்ட் மூக் 1964 இல் மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் சிந்தசைசரை உருவாக்கினார். அவருடைய ஏணி வடிகட்டிக்கு 1969 இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. திரான்சிஸ்டர் இணைகள் ஏணிப் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால் இது அப்பெயர் பெற்றது. முந்தைய சிந்தசைசர்களில் தனித்தனி அலகுகளைக் கம்பிகளால் இணைக்க வேண்டியிருந்தது. 1970 இல் அறிமுகமான மினிமூக்கில் மூன்று அலையியற்றிகளும் ஏணி வடிகட்டியும் 44 கட்டைகளும் ஒரே பெட்டிக்குள் அமைந்தன. இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே வாசிக்க இயலும். பேஸ் வரிசைகள் பெரும்பாலும் ஒற்றைச் சுரங்களால் ஆனவை என்பதால் இது குறையாகத் தோன்றவில்லை.

ஜோர்ஜோ மோரோடர், பீட் பெலோட் ஆகியோர் தயாரிப்பில் டோனா சம்மர் பாடி 1977 இல் வெளிவந்த "ஐ ஃபீல் லவ்" பாடலின் பேஸ், மூக் சிந்தசைசரில் உருவாக்கப்பட்டது. பார்லியமென்ட் குழுவின் "ஃபிளாஷ் லைட்" பாடலில் பெர்னி வொரெல் மினிமூக்கில் பேஸ் வாசித்தார். அப்பாடல் 1978 இல் தனிப்பாடலாக வெளிவந்தது.

சீரிசைகளின் பங்கு

55 ஹேர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டால், அதன் சீரிசைகள் 110, 165, 220 ஹேர்ட்ஸ் என அடுக்கடுக்காக அமையும். ரம்பப் பல் அலையில் எல்லாச் சீரிசைகளும் உள்ளன. இரண்டாம் சீரிசையின் வீச்சு அடிப்படையின் பாதியாகவும் மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே உண்டு. முக்கோண அலையிலும் அவ்வாறே. ஆனால் அவை மிக விரைவாக வலுவிழக்கும். சைன் அலையில் அடிப்படை அதிர்வெண் மட்டுமே இருக்கும்.

சைன் அலையைக் கொண்டு மட்டும் அமைக்கப்படும் பேஸ், பெரிய ஒலிபெருக்கிகளில் ஆழமாக ஒலித்தாலும் சிறிய ஒலிபெருக்கிகளில் ஏறக்குறைய மறைந்துவிடும். அவற்றால் 55 ஹேர்ட்ஸ் ஒலியைப் போதிய அளவில் வெளியிட இயலாது. அதே சுரத்தில் 110, 165, 220 ஹேர்ட்ஸ் சீரிசைகள் இருந்தால், அடிப்படை ஒலி காதை எட்டாதபோதும் மூளை அச்சுரத்தை உணர்ந்துகொள்ளும். எனவே உயர் சீரிசைகளை முற்றிலும் நீக்குவது கதகதப்பைத் தருவதற்கு மாறாக ஒலியையே இழக்கச் செய்யலாம்.

வடிகட்டல்

சீரிசைகள் நிறைந்த அலையில் தொடங்கி, வேண்டாதவற்றை வடிகட்டியால் குறைப்பதே வழக்கமான முறையாகும். தாழ் அதிர்வெண்களை மட்டும் கடத்தும் வடிகட்டி இதற்குப் பயன்படுகிறது. மூக் ஏணி வடிகட்டியில், வெட்டு அதிர்வெண்ணுக்கு மேல் அதிர்வெண் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 24 டெசிபல் குறைகிறது. அதாவது வீச்சு 16 இல் ஒரு பங்காகிறது. வெட்டு அதிர்வெண்ணை 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் வைத்துத் தொடங்கினால், கீழ்ச் சீரிசைகள் நிலைத்து, கூர்மையான மேல்பகுதி அடங்கும்.

வடிகட்டியின் ஒத்ததிர்வைக் கூட்டினால் வெட்டு அதிர்வெண்ணை ஒட்டிய பகுதி எடுப்பாகும். எனினும் ஏணி வடிகட்டியில் அதற்குக் கீழுள்ள ஒலி அப்போது குறைகிறது. வடிகட்டி தானாகவே ஒலிக்கத் தொடங்கும் எல்லையில் இக்குறைவு கோட்பாட்டின்படி ஏறத்தாழ 14 டெசிபல் ஆகும். ஆகையால் கதகதப்பான பேஸுக்கு ஒத்ததிர்வு குறைவாகவே வைக்கப்படுகிறது.

சுரத்தின் தொடக்கத்தில் வெட்டு அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தி, நொடியின் கால் பங்குக்குள் இறங்கச் செய்தால், கம்பியை மீட்டுவது போன்ற தொடக்கம் கிடைக்கும். ஒலி எழும் நேரம் சுழியமாக இருந்தால் "டிக்" என்ற ஓசை தோன்றலாம். சில மில்லிநொடிகள் தருவது அதைத் தவிர்க்கும்.

அலையியற்றிகளின் இசைவு

இரண்டு அலையியற்றிகளைச் சற்றே வேறுபடுத்தி இசைப்பது ஒலியைத் தடிப்பாக்கும். ஒன்று 55 ஹேர்ட்ஸிலும் மற்றொன்று 55.2 ஹேர்ட்ஸிலும் அதிர்ந்தால், அடிப்படையில் 5 நொடிகளுக்கு ஒரு விம்மல் உண்டாகும். பத்தாம் சீரிசைகளான 550, 552 ஹேர்ட்ஸில் நொடிக்கு இரண்டு விம்மல்கள் தோன்றும். மேல் சீரிசைகளின் இவ்வசைவே ஒலிக்கு உயிரோட்டம் தருகிறது.

ஆனால் இரு அலைகளும் சம வலுவுடன் எதிர்க்கட்டத்தில் சந்திக்கும்போது அடிப்படை ஒலி ஏறக்குறைய அழிந்துவிடும். அத்தருணத்தில் வாசிக்கப்படும் குறுகிய சுரம் வலுவற்றுக் கேட்கும். இதைத் தவிர்க்க, அடிப்படைச் சுரத்தை ஒரே அலையியற்றிக்கு விட்டு, வேறுபட்ட இசைவுடைய மற்ற இரண்டையும் ஒரு ஸ்தாயி மேலே வைக்கலாம்.

மென்மையான திரிபு

திரான்சிஸ்டர் சுற்றுக்கு அதன் நேரியல் எல்லையை மீறிய வலுவான குறிப்பலையை அளித்தால், அலையின் முகடுகள் மழுங்கிப் புதிய சீரிசைகள் பிறக்கின்றன. முகடும் அகடும் ஒரே அளவில் மழுங்கினால் ஒற்றைப்படைச் சீரிசைகளும், வேறுபட்ட அளவில் மழுங்கினால் இரட்டைப்படைச் சீரிசைகளும் சேரும். சிறிதளவு திரிபு பேஸைத் தெளிவாகக் கேட்கச் செய்யும். மிகுதியானால் கரகரப்பு மேலோங்கும்.

கருவியும் மென்பொருளும்

பழைய ஒப்புமைக் கருவிகளில் வெப்பநிலைக்கேற்ப அலையியற்றிகளின் இசைவு மெல்ல மாறும். இம்மாற்றத்தையும் வடிகட்டியின் திரிபையும் தற்கால மென்பொருட்கள் கணித முறையில் போலச் செய்கின்றன. மினிமூக் 2016 இலும் 2022 இலும் மீண்டும் தயாரிக்கப்பட்டது. கதகதப்பை அளக்கத் தனி அலகு இல்லை. ஆயினும் அதை உண்டாக்கும் சீரிசை அளவு, விம்மல், திரிபு ஆகிய மூன்றையும் அளக்க முடியும். எனவே எளிய மென்பொருள் வைத்திருக்கும் மாணவரும் இவ்வொலியை உருவாக்கிப் பார்க்கலாம்.