அடி எடுத்துக் கொடுத்தால் எழுத்து வரும்



குழுக் கூட்டத்தில் பேசச் சொன்னால் இப்போது நம்மில் பலரும் தயங்குவதில்லை. வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் கேட்கிறோம். கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கிறோம். ஆனால் ஒரு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்து, "நாலு வரி எழுதும்மா" என்று சொன்னால் போதும், "எனக்கு என்னங்க எழுதத் தெரியும்? கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். தீர்மான நோட்டு எழுதுவது ஊக்குநர் வேலை, மனு எழுதுவது ஊரில் படித்த பையன் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

நமக்குச் சொல்ல விஷயம் இல்லையா? நடவு வயலில் ஒருத்தி பாட்டை ஆரம்பித்தால் மற்றவர்கள் பின்னாலேயே தொடர்ந்து பாடுகிறார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டிக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தொடங்குவதற்கு ஒரு அடி கிடைத்தால் மீதி தானாக வருகிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாட உட்கார்ந்தபோது இறைவனே முதல் அடி எடுத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய புலவருக்கே ஒரு தொடக்கம் தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படுவதில் வெட்கம் என்ன?

எழுத ஆரம்பிப்பதற்காகக் கொடுக்கும் இந்தச் சின்ன வரியைத் 'தூண்டுவரி' என்று வைத்துக்கொள்வோம்.

சின்னக் கேள்விதான் நல்ல கேள்வி

"உன் வாழ்க்கையைப் பற்றி எழுது" என்றால் எங்கே தொடங்குவது என்று மலைத்துப் போவோம். "கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்க அம்மா என்கிட்ட சொன்னது..." என்று கொடுத்தால், அம்மா முகமும் அன்றைக்கு வீடு இருந்த இருப்பும் உடனே கண்முன் வந்துவிடும். நம் ஞாபகங்கள் ஒரு பாத்திரத்தோடும், ஒரு வாசனையோடும், ஒரு சொல்லோடும் ஒட்டிக்கொண்டு இருப்பவை. அதில் ஒன்றைத் தொட்டால் மற்றவை வரிசையாக வரும். ஆகவே தூண்டுவரி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு நோட்டும் பேனாவும்

மேற்கு வங்காளத்தில் வளர்ந்தவர் பேபி ஹால்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 12 வயதில் கல்யாணம் முடிந்தது. கணவரின் அடி உதை தாங்காமல் மூன்று பிள்ளைகளுடன் டெல்லிப் பக்கம் போய், வீட்டு வேலை செய்து பிழைத்தார். குர்கானில் அவர் வேலை பார்த்த வீடு, ஓய்வு பெற்ற பேராசிரியர் பிரபோத் குமாருடையது. அலமாரி துடைக்கும்போது பேபி வங்காளிப் புத்தகங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்தார். தஸ்லிமா நஸ்ரின் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் கதையை நீயே எழுது என்றார்.

அந்தப் புத்தகம் பேபியின் சொந்த நினைவுகளைக் கிளறிவிட்டது. வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவில் எழுதினார். எழுதியது 2002-ல் இந்தியிலும் 2006-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. எழுத்தாளர் என்று நாடே அவரை அறிந்தது. அவருக்குக் கிடைத்த தூண்டுதல் ஒரு புத்தகமும் ஒரு வெறும் நோட்டும்தான்.

குழுவில் செய்து பார்க்கும் முறை

1. மாதத்தில் ஒரு கூட்டத்தில் கணக்கு வழக்கு முடிந்த பிறகு 20 நிமிடம் ஒதுக்குங்கள்.
2. ஒருவர் தூண்டுவரியைச் சத்தமாக இரண்டு முறை வாசிக்கட்டும்.
3. எல்லோரும் 10 நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம்.
4. எழுதத் தெரியாத அக்கா சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதட்டும்.
5. விருப்பம் உள்ளவர் மட்டும் வாசிக்கட்டும். யாரையும் வற்புறுத்தக் கூடாது.

தொடங்குவதற்குச் சில வரிகள்:

* எங்க அம்மா வீட்டு அடுப்படியில்...
* என் கையால் சம்பாதித்த முதல் காசில்...
* குழுவில் சேர்ந்த அன்னைக்கு வீட்டில் சொன்னது...
* எங்க பாட்டிக்குத் தெரிந்த, எனக்குத் தெரியாத ஒரு வேலை...
* நான் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வி...

இதனால் என்ன பயன்?

மனசு லேசாகும் என்பது ஒன்று. இன்னொன்று, காரியம் நடக்கும். "எங்கள் தெருவில் குடிநீர்ப் பிரச்சினை உள்ளது, ஆவன செய்யவும்" என்று எல்லோரும்தான் மனு எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக, "நேற்று நான் தண்ணீர் எடுத்தது எப்படின்னா..." என்ற வரியைக் கொடுத்துப் பாருங்கள். "விடியக்காலை 4 மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் 20 குடம் வரிசையில் இருந்தது. என் முறை வரும்போது மணி 7. ரெண்டு குடம் பிடிப்பதற்குள் தண்ணீர் நின்று போச்சு. வீட்டு வேலையைப் பார்க்க மகளை நிறுத்திக்கிட்டேன், அவள் பள்ளிக்கூடம் போகலை" என்று வரும். நேரம், எண்ணிக்கை, பாதிப்பு எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதற்கு மேல் தேதியும் தெருப் பெயரும் போட்டு, கீழே எல்லோரும் கையெழுத்திட்டால் மனு தயார். தட்டிக் கழிப்பது யாருக்கும் சுலபம் இல்லை.

அதேபோல் பாட்டியின் கை வைத்தியம், விதை சேமிக்கும் முறை, தாலாட்டு எல்லாம் அவரோடு போய்விடாமல் ஒரு நோட்டில் தங்கும்.

ஒரு எச்சரிக்கை

எழுத எழுத, வெளியே சொல்லாத துன்பமும் சில நேரம் தாளில் இறங்கிவிடும். அந்த நோட்டு யார் கையில் கிடைத்தால் ஆபத்து என்று யோசித்துப் பத்திரப்படுத்துங்கள். குழுவில் கேட்டதை வெளியில் பேசக் கூடாது என்று முதல் நாளே தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். அழும் சகோதரியிடம் "அடுத்த வரியைப் படி" என்று சொல்லாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி உதை என்று தெரிந்தால், 181 பெண்கள் உதவி எண்ணை அவருக்குச் சொல்லுங்கள்.

என்ன சகோதரிகளே, கையெழுத்துப் போடப் பழகியபோது முதல் எழுத்துக்குத்தானே கை நடுங்கியது? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு ஒரு 40 பக்க நோட்டும் எடுத்து வாருங்கள். முதல் வரியை நாங்கள் கொடுத்துவிட்டோம். இரண்டாவது வரி உங்களுடையது!