சிங்கப்பூரில் டெல்டாக்காரர் தவறவிடக்கூடாத இடங்கள்

நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சிங்கப்பூர், நாடும் நகரமும் துறைமுகமும் ஒன்றேயான தீவு. பரப்பளவு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்தில் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. திருச்சியிலிருந்து நேரடி விமானம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் முதல்முறை சுற்றுலா செல்வோரும் சிங்கத்தலை மெர்லயன் சிலை, மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் வைத்ததுபோன்ற மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா தீவு ஆகியவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். அவையெல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் காவிரிக் கரையிலிருந்து போகிறவருக்கு அந்த நகரம் வைத்திருக்கும் செல்வம் பெரும்பாலும் வேறு தெருக்களில் இருக்கிறது.

முதலில் நடக்க வேண்டியது தெலுக் ஆயர் தெரு. இன்று வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும்வரை கடற்கரையாக இருந்தது. கப்பலை விட்டு இறங்கியவர்கள் முதலில் கால் வைத்த இடம் இது. உயிரோடு கரைசேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் வழிபாட்டிடத்தை அங்கேயே கட்டிக்கொண்டார்கள். சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில் கடல்தேவதைக்கு 1839 முதல் 1842 வரை எழுப்பப்பட்டது. அதே தெருவில் 1828 முதல் 1830 வரை சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்கா கட்டினார்கள். கட்டடத்தின் நாலு மூலைகளிலும் எழும் சிறு மினாராக்களைப் பார்த்தால் நாகூருக்குப் போய்வந்த எவருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. சில அடி தள்ளி இருக்கும் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827-இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியது. குச்சுப் பள்ளி என்பது அதன் பழைய பெயர். நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பயணிகள் கப்பல் 20-ஆம் நூற்றாண்டிலும் ஓடியது. 1926-இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பலில் போய்வந்த கதை டெல்டாவின் பல வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் சாலை. 1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் இங்கே மாரியம்மனுக்கு மரமும் ஓலையுமாக ஒரு கோயில் அமைத்தார். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. சீன நகர்ப்பகுதியின் நடுவில் எழும் அதன் கோபுரத்தை ஒட்டியுள்ள சந்துக்குப் பகோடா தெரு என்றே பெயர் வந்தது. அதே சாலையில் சற்றுத் தள்ளி 1826-இல் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. மாரியம்மன் கோயிலின் தீமிதி சிங்கப்பூரின் பெரிய திருவிழாக்களில் ஒன்று. பக்தர்கள் சிராங்கூன் சாலையின் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்து பூக்குழியில் இறங்குவார்கள். வலங்கைமான் மகா மாரியம்மனுக்குப் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றால் தாங்கள் கடல் தாண்டி வந்திருப்பதையே மறந்துபோவார்கள்.

சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர்கள் தேக்கா என்பார்கள். இங்கு ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்தது. எருமைத் தெரு என்ற பொருளில் பஃபலோ ரோடு இன்னும் இருக்கிறது. இப்போது அந்தத் தெருவில் வாழைத்தாரும் முருங்கைக்காயும் கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலையும் விற்கிறார்கள். ஞாயிறு மாலையில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலைபார்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுவார்கள். தன் பிள்ளை அங்கே எப்படி வாழ்கிறான் என்று அறிய விரும்பும் தாய் தகப்பன் அவசியம் போக வேண்டிய நேரம் அது. கேம்ப்பெல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை மாடி மாடியாகக் காட்டுகிறது. திருவாரூரில் பிறந்து அங்கே போய் 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியை அறியாமல் அந்த வரலாறு நிறைவாகாது. தமிழ் இன்று அந்நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே சிராங்கூன் சாலை முழுவதும் ஒளி அலங்காரம் ஏறிவிடும். வெடிச்சத்தம் மட்டும் கேட்காது. 1972 முதல் அங்கே பட்டாசுக்குத் தடை. பட்டாசுத் தொழிலால் ‘குட்டி சிவகாசி’ என்று பெயரெடுத்த வலங்கைமானிலிருந்து போகிறவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு உணவங்காடிகளே சிறந்தவை. 2020-இல் யுனெஸ்கோ அவற்றின் பண்பாட்டை மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் பிராட்டா மாவை எண்ணெய் தடவிய கல்மேடையில் அறைந்து, வீசி, கைக்குட்டைபோல மெல்லிசாக விரித்து மடித்துப் போடுவதை நின்று பார்க்கலாம். கூடவே சின்னக் கிண்ணத்தில் மீன் குழம்போ பருப்புக் குழம்போ வரும். ஆற்றித் தரும் ‘தே தாரிக்’ நம்மூர் டீயைவிடத் தித்திப்பு. காலி மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். உட்காரக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை உரிய அடுக்கில் கொண்டுபோய் வைப்பது சட்டப்படி கட்டாயம். சைவம் மட்டும் உண்போருக்கு 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் பக்கத்திலேயே உண்டு.

விவசாயம் தெரிந்தவர் அரை நாளாவது செலவிட வேண்டிய இடம் மரினா கதவணை. சுற்றுலாப் பட்டியல்களில் இதற்குக் கடைசி இடமே கிடைக்கிறது. அது சரியல்ல. 2008-இல் ஆற்றுமுகத்தில் 350 மீட்டர் நீளத்துக்குக் கட்டிய இந்த அணை கடல்நீர் உள்ளே ஏறுவதைத் தடுத்து, தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழையைக் குடிநீருக்குத் தேக்குகிறது. முன்பு உப்பாயிருந்த நீர் 2010-க்குள் நன்னீராகிவிட்டது. கனமழையின்போது கடல் வற்றமாக இருந்தால் ஒன்பது மதகுகளையும் தாழ்த்தி நீரைக் கடலில் விடுகிறார்கள். கடல் பெருக்கமாக இருந்தால் மதகுகளை மூடியே வைத்து ஏழு ராட்சத பம்புகளால் இறைத்து வெளியேற்றுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் வடியாமல் பயிர் மூழ்குவதையும், கோடையில் உப்புநீர் ஏறுவதையும் கண்ட கடைமடைக்காரருக்கு இதன் அருமை உடனே புரியும். கட்டணம் கிடையாது. மேலே புல்வெளிக் கூரையில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. மரினா பே சாண்ட்ஸ் உச்சிக்குக் காசு கொடுத்து ஏறாதவர்கள் நகரத்தின் முழு வரிசையையும் இங்கிருந்தே பார்க்கலாம். அருகிலிருக்கும் கார்டன்ஸ் பை த பே பூங்காவின் இரும்பு ‘பெருமரங்கள்’ 50 மீட்டர்வரை உயரமானவை. அவற்றில் இரவுதோறும் நடக்கும் ஒளி, இசைக் காட்சியும் இலவசம்.

1859-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். 1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து ரப்பர் கன்றுகள் இங்கேதான் வந்தன. பிறகு இதன் இயக்குநராயிருந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் வடிக்கும் முறையைக் கண்டறிந்தார். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் கூலி வேலைக்கு நம் மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறினார்கள். அந்தக் குடும்பங்களின் வியர்வைக்கும் நோய்க்கும் மரணத்துக்கும் தொடக்கம் இந்தப் புல்வெளி என்பதை அறிந்து நடப்பது நல்லது.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சூயிங் கம்மும் மின்சிகரெட்டும் பெட்டியில் இருக்கவே கூடாது. ரயிலும் பேருந்தும் எங்கும் செல்கின்றன. நிலையப் பலகைகளில் தமிழும் இருக்கும். தீமிதியைக் காண விரும்புவோர் அது பெரும்பாலும் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வரும் என்பதை மனத்தில் வைத்து, கோயில் அறிவிக்கும் தேதியைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு எடுக்கவும்.