தண்ணீர்த் தொட்டியையே சுற்றி வரும் பூனை

மக்காச்சோளமும் உளுந்தும் மூட்டை போட்டு வைத்திருக்கும் சங்கரன்கோவில் வட்டார வீடுகளில் எலிக்குக் காவல் பூனைதான். மாடு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் டாக்டருக்குப் போன் போடுகிறோம். பூனை மெலிந்தால் 'வயசாயிட்டு' என்று விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன்.

எங்கள் பூனைக்கு 12 வயது. பல மாதங்களாக மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது, எடை குறைந்தது. ஒருநாள் பின்னங்கால் தளர்ந்து நடந்ததும், வலி என்று நினைத்து, எங்களுக்கு வாங்கி வைத்திருந்த வலி மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. மருந்தடிக்கும்போது அளவு பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறவன் செய்த வேலை இது. அதன்பிறகுதான் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் விசாரித்தேன்.

அதிகத் தண்ணீர், அதிகச் சிறுநீர், மெலிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாள்பட்ட சிறுநீரக நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்றபிறகே அறிகுறி வெளியே தெரியும். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பதற்கே மருந்து.

முதலில் தீனி. பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை, அதாவது நம் மணிச்சத்தை, வெளியேற்ற முடியாது. அதைக் குறைத்தாலே பூனையின் ஆயுள் நீளுகிறது. மீன் தலை, முள், கருவாடு வேண்டாம். அதுவும் போதாதபோது, மணிச்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் மருந்தை டாக்டர் எழுதுவார். தீனியோடு கலந்து வைத்தால்தான் அது வேலை செய்யும்.

ரத்த அழுத்தம் ஏறினால் பூனைக்குத் திடீரென்று பார்வை போகலாம். அதற்கு அம்லோடிபின். சிறுநீரில் புரதம் கசிந்தால் டெல்மிசார்டன்; ஐரோப்பாவில் 2013லேயே பூனைக்கென்று அனுமதி பெற்ற மருந்து. இரண்டுமே மனிதர்களுக்கும் தருகிற மாத்திரைகள்தான். அதற்காக அப்பாவின் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். ரத்தம், சிறுநீர், அழுத்தம் பார்த்தே அளவு சொல்ல முடியும். வாந்திக்கும் பசியின்மைக்கும் தனி மருந்து உண்டு. உடல் வற்றினால் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார்கள்.

என்னை உறுத்துவது பொட்டாசியம். இந்த நோயில் அது சிறுநீரோடு போய்விடும். கழுத்து தொங்கும், பின்னங்கால் தளரும். எங்கள் பூனைக்கும் அதுவாகவே இருந்திருக்கலாம். இலை ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறை என்று வரப்பில் நின்றே சொல்கிறவனுக்கு வீட்டுக்குள் தெரியவில்லை. (குறை என்றதும் உர மூட்டையைத் தேடாதீர்கள். இதற்கும் தனி மருந்து இருக்கிறது.)

வலி மாத்திரைகளைக் கண்டிப்பாகத் தவிருங்கள். பாராசிட்டமாலின் நஞ்சைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே கொல்லும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், அதன் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததால்தான் 2006இல் கால்நடைக்குத் தடையானது. மாட்டுக்குப் போடும் மெலாக்சிகாமைக்கூடப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் எச்சரித்தது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். கூடுதல் பரிசோதனைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றோட்டமான மூடி போட்ட கூடையில் கொண்டு போங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் அந்த அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.